வாசகர் கேள்வி – பதில்: ஜெர்மனியில் முதல் சில மாதங்களுக்கு ஒரு வாடகை வீடு

வேலைக்காக ஜெர்மனிக்குக் குடிபெயர்பவர்கள், நிரந்தரமாக ஒரு வீடு அமையும்வரை இரண்டு மூன்று மாதங்கள் தங்குவதற்கு இடம் பிடிப்பது பற்றிப் பல கேள்விகள் வந்துள்ளன. நானும் என் கணவரும் அந்த நாட்டில் நான்கு முறை வீடு மாறியிருக்கிறோம். முதல் முறை பட்ட சிரமத்தை மற்றவர்கள் படக்கூடாது என்ற எண்ணத்தோடு இந்தப் பதில்களை எழுதுகிறேன்.

எனக்கு மியூனிக் நகரில் மென்பொருள் வேலை கிடைத்திருக்கிறது. நிறுவனம் இரண்டு வாரத்துக்கு ஹோட்டல் அறை தருகிறது. அதன் பிறகு தங்குவதற்கு, சாமான்களோடு கூடிய வீடு ஒன்றை மூன்று மாதத்துக்கு இங்கிருந்தபடியே பேசி முடிக்க நினைக்கிறேன். வாடகையையும் அலுவலகத்துக்கு உள்ள தூரத்தையும் தவிர வேறு என்ன கேட்க வேண்டும்?
— ஒரு வாசகர், கோயம்புத்தூர்

அவை இரண்டையும் கேட்பதற்கு முன்பே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. "இந்த முகவரியில் நான் என் பெயரைப் பதிவு செய்துகொள்ளலாமா?" என்று கேளுங்கள். ஜெர்மன் மொழியில், "இஸ்ட் டீ அன்மெல்டுங் மோக்லிஷ்?" இதற்கு எழுத்தில் "ஆம்" என்ற பதில் வராத வீடு எவ்வளவு அழகாக இருந்தாலும், எவ்வளவு மலிவாக இருந்தாலும், உங்களுக்கு உதவாது.

காரணத்தைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஜெர்மனியில் வசிக்க வரும் ஒவ்வொருவரும், வீட்டில் குடிபுகுந்த இரண்டு வாரத்துக்குள் அந்த ஊர் நகராட்சியின் குடிமக்கள் அலுவலகத்துக்குப் போய்த் தம் முகவரியைப் பதிய வேண்டும் என்பது சட்டம். இதைத்தான் அன்மெல்டுங் என்கிறார்கள். 2015 நவம்பர் 1 முதல், இந்தப் பதிவுக்கு வீடு கொடுத்தவர் கையெழுத்திட்ட ஓர் உறுதிக் கடிதமும் தேவை. அதற்கு வோனுங்ஸ்கேபர்பெஷ்டேட்டிகுங் என்ற நீண்ட பெயர். வீடு கொடுத்தவரின் பெயரும் முகவரியும், வீட்டின் முகவரி, குடிவந்த தேதி, குடிவந்தவர்கள் அத்தனை பேரின் பெயர்கள் ஆகியவை அதில் இருக்க வேண்டும். வாடகை ஒப்பந்தத்தைக் காட்டினால் போதும் என்று பலர் நினைத்துக்கொண்டு போகிறார்கள். அலுவலகத்தில் அதை இந்தக் கடிதத்துக்கு ஈடாக ஏற்பதில்லை.

மற்ற எல்லா வேலைகளும் இந்தப் பதிவைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கின்றன. பதிவு முடிந்த சில வாரங்களில், 11 இலக்கங்கள் கொண்ட வரி அடையாள எண் உங்கள் முகவரிக்குத் தபாலில் வரும். அந்த எண் நிறுவனத்தின் கைக்குப் போகத் தாமதமானால், சம்பளத்தில் மிக உயர்ந்த பிரிவில் வரி பிடிக்கப்பட நேரிடலாம்; பணம் பின்னர் திரும்பக் கிடைக்கும் என்றாலும், புது ஊரில் முதல் சில மாதங்களில்தான் கையில் பணம் மிகவும் தேவைப்படும். பெரும்பாலான வங்கிகள் கணக்குத் தொடங்கப் பதிவுச் சான்றைக் கேட்கின்றன. விசாவை வசிப்பு அனுமதியாக மாற்றித் தருவது எந்த ஊர் அலுவலகம் என்பதைப் பதிந்த முகவரிதான் முடிவு செய்கிறது. மருத்துவக் காப்பீட்டு அட்டை தபாலில் வருகிறது. குழந்தை இருந்தால், மழலையர் பள்ளிக்கு மனுப் போடவும் முகவரி வேண்டும்.

எங்கள் முதல் அனுபவத்தைச் சொல்கிறேன். நாட்டின் தென்பகுதியில் ஒரு நகரத்தில், இரண்டு மாதத்துக்கு ஒரு வீட்டை இங்கிருந்தே பேசி, முன்பணமும் கட்டிவிட்டுப் போனோம். சாவி கொடுத்த அன்று மாலைதான் வீட்டுக்காரர், "இங்கே பதிவு கிடையாது" என்றார். விளம்பரத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. கேட்க வேண்டும் என்று எங்களுக்கும் தெரியவில்லை. அந்த இரண்டு மாதமும் வரி எண் இல்லாமல், வங்கிக் கணக்கு இல்லாமல், கைக்குழந்தையோடு வேறு வீடு தேடி அலைந்தோம். அதனால்தான் யார் கேட்டாலும் முதலில் இதையே சொல்கிறேன்.

வீட்டுக்காரர்கள் பதிவை மறுப்பதற்குப் பல காரணங்கள் உண்டு. சிலர் தாமே வாடகைக்கு இருந்துகொண்டு, உரிமையாளருக்குத் தெரியாமல் உள்வாடகைக்கு விடுகிறார்கள். பெர்லின், மியூனிக் போன்ற நகரங்களில், குடியிருப்பு வீடுகளை விடுமுறை விடுதியாக மாற்றுவதற்குக் கடுமையான கட்டுப்பாடுகள் இருப்பதால், பதிவேட்டில் பெயர்கள் மாறி மாறி வருவதை விரும்பாதவர்களும் உண்டு. "மூன்று மாதத்துக்குள் என்றால் பதிவே தேவையில்லை" என்று சிலர் உறுதியாகச் சொல்வார்கள். அந்தச் சலுகை வேறு நாட்டில் வீடு வைத்துக்கொண்டு ஜெர்மனிக்கு வந்துபோகிறவர்களுக்கானது. வேலையில் சேர்ந்து வசிக்க வருகிற நீங்கள் அதில் அடங்கமாட்டீர்கள்.

மறுபக்கம், குடியிருக்காத வீட்டின் முகவரியைப் பதிவுக்காக மட்டும் பணத்துக்குத் தருகிறவர்களும் இருக்கிறார்கள். தயவுசெய்து அந்த வழியில் போகாதீர்கள். அப்படி முகவரி தருகிறவருக்கு 50,000 யூரோ வரை அபராதம் விதிக்கச் சட்டம் இடம் கொடுக்கிறது. பொய்ப் பதிவில் தொடங்கிய வாழ்க்கையில், பின்னர் வசிப்பு அனுமதிக்குப் போய் நிற்கும்போது பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்.

வீடு உறுதியானதும், இந்தியாவிலிருந்து புறப்படும் முன்பே, நகராட்சியின் இணையதளத்தில் பதிவுக்கான நேரத்தை முன்பதிவு செய்துவிடுங்கள். பெரிய நகரங்களில் இரண்டு வாரத்துக்குள் நேரம் கிடைப்பது எளிதன்று. கெடுவுக்குப் பிந்தைய தேதிதான் கிடைத்தது என்றால், முன்பதிவுச் சீட்டைப் பத்திரமாக வைத்திருங்கள். நீங்கள் உரிய காலத்தில் முயன்றதற்கு அதுதான் சான்று. பெர்லினில் தங்குபவர்கள், தம் வட்டாரம் என்றில்லாமல் நகரின் எந்தக் குடிமக்கள் அலுவலகத்திலும் பதியலாம்.

பெர்லினில் ஓர் அறை கொண்ட வீடு மிகக் குறைந்த வாடகைக்கு விளம்பரத்தில் வந்தது. உரிமையாளர் இப்போது வேறு நாட்டில் வேலையில் இருப்பதாகவும், ஒரு மாத வாடகையும் முன்பணமும் அனுப்பினால் சாவியைக் கூரியரில் அனுப்பிவிடுவதாகவும் எழுதியிருக்கிறார். தம் பாஸ்போர்ட் நகலையும் அனுப்பியுள்ளார். நம்பலாமா?
— ஒரு வாசகி, திருச்சி

நம்ப வேண்டாம். பணம் அனுப்ப வேண்டாம். ஏற்கெனவே அனுப்பியிருந்தால், இதைப் படித்த உடனேயே உங்கள் வங்கியைத் தொடர்புகொண்டு பணத்தை நிறுத்த முடியுமா என்று கேளுங்கள். விளம்பரம் வந்த தளத்துக்கும் தெரிவியுங்கள்.

நீங்கள் எழுதியிருக்கும் ஒவ்வொரு விவரமும் ஜெர்மனியில் பல ஆண்டுகளாக நடந்துவரும் ஒரே மோசடியின் அடையாளம். நகரின் நடுவில் நல்ல வீடு. நம்ப முடியாத வாடகை. வெளிநாட்டில் இருக்கும் உரிமையாளர். கூரியரில் வரும் சாவி. பாஸ்போர்ட் நகல் இதற்கு முன்பு ஏமாற்றப்பட்ட யாரோ ஒருவருடையதாக இருக்கும். அதனால்தான் உங்கள் பாஸ்போர்ட் நகலையும் முன்பின் தெரியாதவர்களுக்கு அனுப்பக்கூடாது என்கிறேன். அடுத்து அது வேறொருவரை நம்பவைக்கப் பயன்படும். சிலர் பிரபலமான தங்குமிடத் தளங்களின் பக்கத்தைப் போலவே ஒரு பக்கத்தைச் செய்து, அதன் இணைப்பை அனுப்பிப் பணம் கட்டச் சொல்வதும் உண்டு.

ஊரில் இல்லாத நிலையில் எப்படிச் சரிபார்ப்பது என்று நீங்கள் கேட்கலாம். பெர்லினில் வேலை செய்யும் உங்கள் வருங்கால சகபணியாளர் ஒருவரையோ, தெரிந்த தமிழ்க் குடும்பம் ஒன்றையோ நேரில் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். அதற்கு வழியில்லை என்றால், முன்பே எடுத்த காணொளியை ஏற்காமல், நேரலை அழைப்பில் வீட்டைக் காட்டச் சொல்லுங்கள். அழைப்பின் நடுவே, "சமையலறை ஜன்னலைத் திறந்து தெருவைக் காட்டுங்கள்", "வாசலில் உள்ள அழைப்பு மணிப் பெயர்ப்பலகையைக் காட்டுங்கள்" என்று கேளுங்கள். உண்மையான வீட்டுக்காரர் இதற்குக் கோபப்படமாட்டார். தெரிந்தவர் யாரும் இல்லாதவர்களுக்கு, குடிவந்து ஓரிரு நாள் கழித்தே முதல் வாடகையை உரிமையாளருக்குக் கொடுக்கும் இடைத்தளங்கள் பாதுகாப்பானவை. அவர்களுக்குத் தனிக் கட்டணம் உண்டு. முதல் முறை அந்தச் செலவைத் தயங்காமல் செய்யலாம்.

வீட்டுக்காரர்கள் எல்லோரும் "ஷூஃபா" கேட்கிறார்கள். இந்தியாவில் இருக்கும் எனக்கு அது எப்படிக் கிடைக்கும்?
— ஒரு வாசகர், சேலம்

கிடைக்காது, நீங்கள் கவலைப்படவும் வேண்டாம். ஷூஃபா என்பது ஒருவர் கடனையும் கட்டணங்களையும் ஒழுங்காகக் கட்டி வருகிறாரா என்று பதிவு வைத்திருக்கும் தனியார் நிறுவனம். ஜெர்மனியில் இன்னும் வாழத் தொடங்காதவரைப் பற்றி அதனிடம் எழுத எதுவும் இராது. அதற்கு ஈடாக வேலை ஒப்பந்தம், சம்பளத்தைக் குறிப்பிட்டு நிறுவனம் தரும் கடிதம், கடந்த மூன்று மாதச் சம்பளச் சீட்டு, இந்தியாவில் இருந்த வீட்டின் உரிமையாளர் தரும் நற்சான்று ஆகியவற்றை ஒரே கோப்பாக வைத்திருங்கள். உங்கள் குடும்பத்தைப் பற்றி ஜெர்மன் மொழியில் ஐந்தாறு வரிகள் எழுதி அதன் முன்னே வையுங்கள். சில மாதங்களுக்கு வீடு கொடுப்பவர்கள் புதிதாக வருகிறவர்களுக்குக் கொடுத்துப் பழகியவர்கள் என்பதால் இதை ஏற்றுக்கொள்வார்கள். ஆவணங்களை வீடு முடிவாகும் நிலையில் மட்டும் கொடுங்கள். பாஸ்போர்ட் எண்ணை மறைத்துக் கொடுப்பதில் தவறில்லை.

ஃபிராங்க்ஃபர்ட்டில் மூன்று மாத வீட்டுக்குக் கேட்கும் வாடகை, நண்பர் நிரந்தரமாக இருக்கும் வீட்டின் வாடகையைவிட மிக அதிகம். இது சட்டப்படி சரியா? முன்பணமாக மூன்று மாத வாடகையையும் முன்கூட்டியே கேட்கிறார்கள். இரண்டாவது மாதத்திலேயே நிரந்தர வீடு கிடைத்துவிட்டால் என்ன செய்வது?
— ஒரு வாசகி, சென்னை

மூன்று கேள்விகளையும் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

வீட்டுத் தட்டுப்பாடு உள்ள நகரங்களில், புதிதாக வாடகைக்கு விடும்போது அந்தப் பகுதியின் ஒப்பீட்டு வாடகையைவிட 10 சதவீதத்துக்கு மேல் கேட்கக்கூடாது என்று ஜெர்மனியில் ஒரு கட்டுப்பாடு உண்டு. தற்காலிகப் பயன்பாட்டுக்காக விடப்படும் வீட்டுக்கு அந்தக் கட்டுப்பாடு பொருந்தாது. கட்டில், சோபா, பாத்திரம், சலவை இயந்திரம் ஆகியவற்றுக்கும் சேர்த்தே விலை வைக்கிறார்கள். ஆகவே அதிகமாக இருப்பது மட்டுமே சட்டமீறல் ஆகிவிடாது. ஆனாலும் ஒப்பிடும்போது ஒன்றைக் கவனியுங்கள். உங்கள் நண்பர் சொல்லும் தொகை பெரும்பாலும் "கால்ட்மீட்டே" எனப்படும் வெறும் வாடகையாக இருக்கும். வெப்பமூட்டல், தண்ணீர், குப்பை, கட்டடப் பராமரிப்பு ஆகியவற்றுக்கான மாதாந்திரத் தொகையைச் சேர்த்தால் "வார்ம்மீட்டே" ஆகும். அதற்கும் வெளியே மின்சாரமும் இணைய இணைப்பும் தனி. சில மாத வீடுகளில் இவை எல்லாம் ஒரே தொகையில் அடங்கியிருப்பது வழக்கம். அடங்கியிருக்கிறதா என்பதை ஊகிக்காமல் ஒவ்வொன்றாகக் கேட்டு ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். வானொலி–தொலைக்காட்சிக் கட்டணம் என்று வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ உண்டு. தொலைக்காட்சியே இல்லாவிட்டாலும் கட்ட வேண்டும், ஒரு வீட்டுக்கு ஒருவர் கட்டினால் போதும். நீங்கள் முகவரியைப் பதிந்த பிறகு உங்கள் பெயருக்கு அதன் கடிதம் வரும். வீட்டுக்காரரே கட்டி வருகிறார் என்றால் அவருடைய கட்டண எண்ணை வாங்கிப் பதில் எழுதிவிடலாம். அந்தக் கடிதத்தைப் பிரிக்காமல் ஒதுக்கி வைத்தவர்கள், மாதங்கள் கழித்து மொத்தமாகக் கட்டியதைப் பார்த்திருக்கிறேன்.

முன்பணத்தை ஜெர்மனியில் "கௌட்ஸியோன்" என்பார்கள். சென்னையில் பத்து மாத வாடகையை முன்பணமாகக் கொடுத்துப் பழகிய நமக்கு இது குறைவாகத் தோன்றலாம். அங்கே அதற்குச் சட்டமே எல்லை வகுத்திருக்கிறது. வெறும் வாடகையில் மூன்று மாதத்துக்கு மேல் வாங்கக்கூடாது. வெப்பமூட்டல் முதலான செலவுகளை அந்தக் கணக்கில் சேர்க்கக்கூடாது. அந்தத் தொகையையும் மூன்று சம மாதத் தவணைகளில் கட்டுவதற்கு வாடகைதாரருக்கு உரிமை உண்டு. முதல் தவணை, வாடகைக் காலம் தொடங்கும்போதுதான் கட்ட வேண்டியதாகிறது. வாங்கிய பணத்தை உரிமையாளர் தம் சொந்தப் பணத்தோடு கலக்காமல் தனிக் கணக்கில் போட்டு வைக்க வேண்டும். தற்காலிக வீடு என்பதால் இந்த உரிமைகள் போய்விடுவதில்லை. எனவே, சாவி கைக்கு வரும் முன்பே முழுத் தொகையையும் கேட்பவரிடம், தவணையில் கட்டும் உரிமையைப் பணிவாக நினைவூட்டுங்கள். ஒப்புக்கொள்ளவில்லை என்றால், அந்த வீட்டை விடுவதா வேண்டாமா என்பது உங்கள் முடிவு; நானாக இருந்தால், சாவி வாங்கும் நாளிலாவது கட்டுகிறேன் என்று சொல்லிப் பார்ப்பேன், அதற்கும் மறுத்தால் வேறு வீடு தேடுவேன். தரகர் யாராவது உங்களிடம் கமிஷன் கேட்டாலும் கொடுக்காதீர்கள். 2015 ஜூன் 1 முதல், தரகரை அமர்த்தியவர்தான் கமிஷன் கொடுக்க வேண்டும். வீட்டுக்காரர் தரகர் மூலம் விளம்பரம் கொடுத்த வீட்டில் அந்தச் செலவு வீட்டுக்காரருடையது.

மூன்றாவது கேள்விதான் பலரும் கவனிக்கத் தவறுவது. காலவரை குறிக்காத வாடகை ஒப்பந்தம் என்றால், வாடகைதாரர் மூன்று மாத அறிவிப்பு கொடுத்து எப்போது வேண்டுமானாலும் வெளியேறலாம். "பிப்ரவரி 1 முதல் ஏப்ரல் 30 வரை" என்று தேதி குறித்து எழுதிய ஒப்பந்தத்திலோ, இடையில் வெளியேறும் உரிமை தானாக வருவதில்லை. நீங்கள் மார்ச் மாதத்தில் வேறு வீட்டுக்குப் போனாலும் ஏப்ரல் வாடகையைக் கட்ட வேண்டியிருக்கும். இதைத் தவிர்க்க, "இரண்டு வார முன்னறிவிப்புடன் வெளியேறலாம்" என்றோ, "ஒரு மாத முன்னறிவிப்புடன்" என்றோ ஒரு வரியைக் கையெழுத்துக்கு முன்பே சேர்க்கச் சொல்லுங்கள். தற்காலிகப் பயன்பாட்டுக்கான வீட்டில் அறிவிப்புக் காலத்தைக் குறைத்துப் பேசிக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. வீடு தேடும் காலம் நினைத்ததைவிட நீளும் வாய்ப்பும் உண்டு என்பதால், வேண்டுமானால் மேலும் ஒரு மாதம் நீட்டிக்கலாம் என்ற வரியும் இருக்கட்டும். வெளியேறும் அறிவிப்பை மின்னஞ்சலில் அனுப்பினால் செல்லாது. காகிதத்தில் எழுதி, பேனாவால் கையெழுத்திட்டு, வீட்டுக்காரர் கையில் சேர்ப்பிக்க வேண்டும்.

என் சித்தப்பா டோர்ட்மண்ட் நகரில் முப்பது ஆண்டுகளாக இருக்கிறார். அவருடைய நண்பர் தம் வாடகை வீட்டில் ஓர் அறையை எனக்கு நான்கு மாதத்துக்குத் தருகிறார். தமிழர் வீடு, சாப்பாட்டுக்கும் பிரச்சினையில்லை. பதிவும் செய்து தருவதாகச் சொல்கிறார். ஒப்பந்தம் எதுவும் வேண்டாம், வாய்ப்பேச்சே போதும் என்கிறார். போதுமா?
— ஒரு வாசகர், யாழ்ப்பாணம்

நல்ல மனிதர்களோடு தங்கக் கிடைத்திருப்பது பெரிய ஆறுதல். போர்க்காலத்தில் வந்து சேர்ந்த ஈழத் தமிழ்க் குடும்பங்கள் வடரைன்–வெஸ்ட்ஃபாலியா மாநிலத்தில் வேரூன்றி வாழ்கின்றன. டோர்ட்மண்டிலிருந்து அதிக தூரமில்லாத ஹம் நகரில் 2002ல் குடமுழுக்கு நடந்த காமாட்சி அம்பாள் கோயில் அதற்குச் சாட்சி. புதிதாக வருகிறவர்களுக்கு அவர்கள் காட்டும் பரிவை நான் அறிவேன். அந்தப் பரிவுக்கு நீங்கள் செய்யக்கூடிய கைம்மாறு, உங்களால் அவருக்குத் தொல்லை வராமல் பார்த்துக்கொள்வது.

அவரே வாடகைக்கு இருக்கிறார் அல்லவா? அப்படியானால் உங்களை நான்கு மாதம் அறையில் குடிவைக்க, அவருடைய வீட்டு உரிமையாளரின் அனுமதி தேவை. விருந்தாளியாகச் சில வாரங்கள் இருப்பதற்கு யாரையும் கேட்க வேண்டியதில்லை. கணவன், மனைவி, பிள்ளைகள், பெற்றோர் வந்து தங்குவதும் தனி. நண்பரின் உறவினர் மாதக்கணக்கில் தங்குவது உள்வாடகை. அனுமதியின்றி உள்வாடகைக்கு விட்டது தெரிந்தால், உரிமையாளர் எச்சரிக்கை கொடுக்கலாம். தொடர்ந்தால் அவருடைய ஒப்பந்தத்தையே முறிக்கலாம். நீங்கள் முகவரியைப் பதிந்ததும் அஞ்சல்பெட்டியில் புதுப்பெயர் வரும். அதைக் கட்டடப் பராமரிப்பாளர் கவனிப்பார். ஆகவே சித்தப்பாவின் நண்பரிடம் பக்குவமாகச் சொல்லி, உரிமையாளருக்கு ஒரு கடிதம் எழுதி அனுமதி வாங்கச் சொல்லுங்கள். நியாயமான காரணம் காட்டி வீட்டின் ஒரு பகுதியை உள்வாடகைக்கு விடக் கேட்டால், உரிமையாளர் பொதுவாக மறுக்க முடியாது என்று சட்டம் வாடகைக்கு இருப்பவருக்குத் துணை நிற்கிறது. அனுமதி கிடைத்த பிறகு, பதிவுக்கான உறுதிக் கடிதத்தில் வீடு கொடுத்தவராக அந்த நண்பரே கையெழுத்திடலாம்.

ஒப்பந்தத்தை ஒரு பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். அறை, மாதத் தொகை, தொடங்கும் தேதி, முடியும் தேதி, இரு கையெழுத்து. உறவு கெடாமல் இருப்பதற்குத்தான் எழுத்து என்று சித்தப்பாவைக் கொண்டு சொல்லச் சொன்னால் அவர் தவறாக எடுத்துக்கொள்ளமாட்டார்.

நாங்கள் ஸ்டுட்கார்ட் வந்து ஐந்து வாரமாகிறது. பதிவு முடிந்துவிட்டது. வரி எண்ணும் வரவில்லை, என் மனைவியின் காப்பீட்டு அட்டையும் வரவில்லை. என்ன தவறு செய்தோம்?
— ஒரு வாசகர், மதுரையிலிருந்து ஸ்டுட்கார்ட் சென்றவர்

அஞ்சல்பெட்டியில் உங்கள் இருவர் பெயரும் இருக்கிறதா என்று உடனே பாருங்கள்.

ஜெர்மன் அடுக்குமாடிகளில் நம் ஊரைப் போலக் கதவு எண் எழுதும் வழக்கம் பெரும்பாலும் இல்லை. தெருவின் பெயர், கட்டட எண், அதன் பிறகு பெட்டியில் ஒட்டியிருக்கும் குடும்பப் பெயர் இவற்றைப் பார்த்துத்தான் தபால்காரர் கடிதத்தைப் போடுகிறார். பெயர் இல்லாவிட்டால் கடிதம் அனுப்பியவருக்கே திரும்பிவிடும். சில மாதங்களுக்கு எடுத்த வீட்டில் வீட்டுக்காரர் பெயர் மட்டுமே ஒட்டியிருக்கும் என்பதால் புதிதாக வருகிறவர்கள் எல்லோருக்கும் இது நேரலாம். தமிழர்களுக்கு இன்னொரு சிக்கலும் கூடுதலாக உண்டு. நமக்குக் குடும்பப் பெயர் என்று தனியாக ஒன்று கிடையாது. பாஸ்போர்ட்டில் அந்த இடத்தில் கணவருக்கு அவருடைய அப்பா பெயர் இருக்கும். மனைவிக்கு அவருடைய அப்பா பெயரோ, கணவர் பெயரோ இருக்கும். குழந்தைக்கு உங்கள் பெயர் இருக்கும். ஒரே வீட்டில் மூன்று குடும்பப் பெயர்கள். கணவரின் பெயரை மட்டும் ஒட்டினால் மனைவியின் கடிதங்கள் வந்து சேராது. பதிவுச் சான்றில் உள்ளபடியே எழுத்து மாறாமல், அத்தனை பெயர்களையும் பெட்டியிலும் அழைப்பு மணியிலும் ஒட்டுங்கள். வீட்டுக்காரரின் பெயர்ப்பலகையில் கைவைக்கும் முன் அவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

திரும்பிப் போன கடிதங்களைப் பற்றிக் கலங்க வேண்டாம். வரி எண்ணை மீண்டும் தபாலில் அனுப்பும்படி மத்திய வரி அலுவலகத்தின் இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். காப்பீட்டு நிறுவனத்துக்கு ஒரு தொலைபேசி அழைப்பு போதும்.

வீட்டில் சமைக்கலாமா? மிக்ஸி, கிரைண்டர் கொண்டுபோகலாமா? வீட்டைத் திருப்பிக் கொடுக்கும்போது முன்பணத்தில் பிடித்துக்கொள்வார்கள் என்று பயமுறுத்துகிறார்கள்.
— ஒரு வாசகி, ஈரோடு

தாராளமாகச் சமைக்கலாம். சொல்லப்போனால், முதலில் சில மாதத்துக்குச் சாமான்களோடு கூடிய வீட்டை எடுக்கச் சொல்வதற்குச் சமையலும் ஒரு காரணம். அங்கே நிரந்தர வாடகை வீடுகள் பலவற்றில் சமையலறை என்ற பெயரில் குழாயும் மின்இணைப்பும் மட்டுமே இருக்கும். அடுப்பு, அலமாரி, தொட்டி எல்லாவற்றையும் குடிவருகிறவரே வாங்கிப் பொருத்த வேண்டும். மின்சாரம் இந்தியாவைப் போலவே 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் என்பதால் மிக்ஸி அப்படியே வேலை செய்யும். பிளக் மட்டும் வேறு. மிக்ஸியின் வாட்டைத் தாங்கும் தரமான அடாப்டர் வாங்கிக்கொள்ளுங்கள். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரையும், ஞாயிற்றுக்கிழமை முழுவதும் சத்தம் கூடாது என்பது அங்கே உறுதியாகக் கடைப்பிடிக்கப்படும் ஒழுங்கு. ஞாயிறு காலை இட்லிக்குச் சனிக்கிழமை பகலிலேயே மாவரைத்து வையுங்கள்.

தாளிக்கும்போது புகைஉறிஞ்சியைப் போட்டு, ஜன்னலை முழுவதுமாகத் திறந்து வையுங்கள். புகை எச்சரிக்கைக் கருவி எல்லா மாநிலங்களிலும் கட்டாயம். அதைக் கழற்றவோ மூடவோ வேண்டாம். குளிர்காலத்தில் ஜன்னலை நாள் முழுவதும் லேசாகத் திறந்து வைப்பதைவிட, தினமும் இரண்டு மூன்று முறை, ஐந்து பத்து நிமிடம் அகலத் திறந்து காற்றை மாற்றுவதுதான் அவர்கள் முறை. உள்ளே சோறு வேகும் ஆவியும், காயப்போட்ட துணியின் ஈரமும் தங்கினால் சுவர் மூலையில் பூஞ்சை பிடிக்கும். முன்பணத்தில் பிடித்தம் செய்யும் வழக்குகளில் பூஞ்சைதான் முதலில் வரும். மஞ்சள் கறை படிந்த வெள்ளைச் சமையல் மேடை அடுத்து வரும்.

பயத்தைப் போக்க வழி, குடிபுகும் அன்றே இருக்கிறது. வீட்டுக்காரரோடு அறை அறையாகப் போய், ஏற்கெனவே உள்ள கீறல், உடைசல், கறை அனைத்தையும் எழுதி, மின்அளவியின் எண்ணையும், சாவிகளின் எண்ணிக்கையையும் குறித்து, இருவரும் கையெழுத்திடுங்கள். இதை ஒப்படைப்புக் குறிப்பு என்கிறார்கள். புகைப்படமும் எடுத்து, அன்றே அவருக்கு மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள். கிளம்பும் நாளிலும் இதே குறிப்பைத் திரும்பச் செய்யுங்கள். சாவியைத் தொலைத்துவிடாதீர்கள், கட்டடம் முழுவதற்கும் ஒரே பூட்டு அமைப்பு இருந்தால், ஒரு சாவி தொலைந்ததற்காக எல்லாப் பூட்டுகளையும் மாற்றும் செலவு உங்கள் தலையில் விழலாம். தனிநபர் பொறுப்புக் காப்பீடு என்று ஒன்று உண்டு. வந்த முதல் வாரத்திலேயே அதை எடுத்துக்கொண்டு, வாடகை வீட்டுச் சேதத்தையும் சாவி இழப்பையும் அது ஏற்கிறதா என்று பாருங்கள்.

முன்பணம் கிளம்பிய மறுநாளே கைக்கு வராது. கணக்குப் பார்க்க உரிமையாளருக்குச் சில மாத அவகாசத்தை, சில சமயம் ஆறு மாதம் வரைகூட, நீதிமன்றங்கள் ஒப்புக்கொள்கின்றன. அதன் பிறகும் வராவிட்டால், ஊர்தோறும் உள்ள வாடகைதாரர் சங்கத்தில் ஆண்டுச் சந்தா கட்டி உறுப்பினராகி, அவர்களுடைய சட்ட ஆலோசனையைப் பெறலாம். கிளம்பும் முன், தபால் நிலையத்தில் கட்டணம் செலுத்தி, பழைய முகவரிக்கு வரும் கடிதங்களைப் புதிய முகவரிக்குத் திருப்பிவிட ஏற்பாடு செய்யுங்கள். புதிய வீட்டில் குடிபுகும் நாளிலிருந்து அதே இரண்டு வாரக் கெடு மறுபடியும் தொடங்கும். அந்த வீட்டுக்காரரிடமும் சாவியோடு சேர்த்தே உறுதிக் கடிதத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.